புதுப்பிப்பு: பெட்ரோல் மாடல் விமானத்தின் பேட்டரியும் சுவிட்சும்

30 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த பேட்டரி, எத்தனை சுவிட்ச் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? முடிவாகிவிட்டது.

ரிசீவருக்கு (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) இரண்டு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 6.6 வோல்ட். இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 8.4 வோல்ட், என் சர்வோக்கள், அதாவது விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்கள், 7.4-க்கு மேல் தாங்காது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். கூடவே, ரிமோட்டிலிருந்தே இக்னிஷனை அணைத்து எஞ்சினை நிறுத்த ஆப்டிகல் கில் சுவிட்ச்: சிக்னல் ஒளியாகக் கடப்பதால் இக்னிஷனின் மின் இரைச்சல் ரிசீவர் பக்கம் வராது.

தரையில் விமானத்தைக் கட்டிவைத்து ரிமோட்டை அணைத்தேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது! ஃபெயில்சேஃபில் (ரிமோட் சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாகச் செய்ய வேண்டியதற்கான அமைப்பு) கில் சுவிட்ச்சுக்கான சேனலைச் சேர்க்க மறந்திருக்கிறேன். சேர்த்ததும் சட்டென்று நின்றது.

ரிசீவருக்கு இன்னும் பழைய தள்ளு சுவிட்ச்தான். அதிர்வில் அதன் மின் தொடர்பு விட்டுப்போனால் விமானம் போச்சு. பழுதானாலும் ஆனிலேயே நிற்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச் வரும்வரை பறக்கவிடப் போவதில்லை.