புதுப்பிப்பு: 8 மி.மீ. ஷாஃப்ட்டில் வீல் ஹப் வழுக்கும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் கல்லூரி அணியின் ரோபோகான் போட்டி ரோபோவில், உருண்டை ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டு) ஒற்றை கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) போட்டு இறுக்கிய ஹப் (சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் நடுத்துண்டு), சட்டென்று திசை மாறும்போதெல்லாம் வழுக்குகிறது என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னவற்றில் கைகொடுத்தது கிளாம்ப் ஹப் யோசனைதான், அதாவது பிளவுள்ள ஹப்பை போல்ட்டால் நெருக்கி ஷாஃப்ட்டைச் சுற்றிலும் கவ்வச் செய்வது. ஸ்க்ரூவுக்குப் பசை விடுவது கொஞ்ச நேரமே தாங்கியது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 6061-டி6 ரக அலுமினியத்தில் புது ஹப் செய்து வாங்கினோம். துளையை டிரில்லோடு விடாமல் எச்7 ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டார்கள், அதாவது துளையின் விட்டம் 8.000 முதல் 8.015 மி.மீ.க்குள். அப்புறம் ஒரு பக்கம் 1 மி.மீ. பிளவு வெட்டி, குறுக்கே எம்4 (4 மி.மீ.) ஆலன் போல்ட். முறுக்க முறுக்கப் பிளவு நெருங்குவது கண்ணுக்கே தெரிகிறது. ஷாஃப்ட்டையும் ஹப்பையும் சேர்த்து மார்க்கரால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தோம், கோடு விலகவே இல்லை.

எதிர்பாராத ஒன்று: அனோடைஸ் (மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உண்டாக்குவது) செய்து வந்ததும் ஹப் ஷாஃப்ட்டில் ஏறவில்லை! அந்தப் படலத்தில் ஏறக்குறைய பாதி, உலோகத்துக்கு வெளியே வளர்கிறது. 10 மைக்ரான் (0.01 மி.மீ.) படலம் என்றால் துளை விட்டத்தில் சுமார் 10 மைக்ரான் குறைந்துவிடும். இந்த அளவு நெருக்கமான பொருத்தத்தில் அதுவே போதும், மாட்டிக்கொள்ள. மெல்லிய எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்தோம். நீங்கள் செய்யக் கொடுத்தால், துளையை அடைத்துவிட்டு அனோடைஸ் செய்யும்படி வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.