பற்றவைப்புச் சோதனை: ஃபிலிமுக்கு மலிவான மாற்று உண்டா?

கேள்வி: குழாய்ப் பற்றவைப்புகளை எக்ஸ்ரே மூலம் சோதிப்பதில் ஃபிலிமுக்கும் அதைக் கழுவும் ரசாயனங்களுக்கும் ஆகும் செலவு கூடிக்கொண்டே போகிறது. வேறு வழி உண்டா?

பதில் 1: பாஸ்பர் தகட்டைப் பரிசீலியுங்கள். கதிர்வீச்சின் ஆற்றலைத் தேக்கிவைக்கும் அத்தகட்டைச் சிவப்பு லேசர் வருடும்போது எழும் நீல ஒளியே படமாகிறது. பிறகு பிரகாசமான ஒளியில் அழித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஸ்கேனர்தான் பெரிய முதற்செலவு.

பதில் 2: உடன்படுகிறேன், ஆனால் சிதறிய கதிர்கள் அத்தகட்டின் படத்தை எளிதில் மங்கலாக்கிவிடும் என்பதால் ஈயத் திரையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மயிரிழை விரிசல்களுக்கு நுண்மணி ஃபிலிமையே (மிக நுண்ணிய துகள்கள் கொண்டது) நான் நம்புவேன். தகட்டில் விழும் கீறலும் குறைபாடு போலவே தெரியும், அது தனித் தலைவலி.

பதில் 3: பற்றவைப்புகளின் டிஜிட்டல் எக்ஸ்ரே சோதனைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17636-2 கூறும் இரட்டைக் கம்பி அளவியால் படக் கூர்மையைச் சரிபார்த்து, வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்ற பின்னரே மாறுங்கள்.