ஆன்டிலோப் கேன்யன்: கைடு இல்லாம உள்ள விடமாட்டேங்கறது நியாயமா?

மணல்வாசி:
அமெரிக்கால அரிசோனா மாநிலத்துல பேஜ்ங்கற ஊர் பக்கம் போயிட்டு இப்பதான் வந்தோம். ஆன்டிலோப் கேன்யன்ங்கறது அங்க இருக்கற குறுகலான மணல்கல் பள்ளத்தாக்கு, அப்பர், லோயர்னு ரெண்டு பகுதி. அப்பர் ஆன்டிலோப் கேன்யனுக்கு மத்தியான ஸ்லாட் போட்டோம், ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல ஆச்சு, நேஷனல் பார்க் பாஸ் இருக்குன்னு காட்டினா அது இங்க செல்லாது இது நவாஹோ பழங்குடி மக்களோட நிலம்னுட்டாங்க. சரின்னு குடுத்தோம். உள்ள போனா முன்னாடி ஒரு குரூப் பின்னாடி ஒரு குரூப், ஒரு இடத்துல நின்னு அண்ணாந்து பாக்க விடல, "நகருங்க நகருங்க"ன்னு விரட்டிக்கிட்டே இருக்காங்க. பேக் கூடாது, ட்ரைபாட் கூடாது, தனியா நடக்கவே கூடாது. கொஞ்ச தூரத்துலயே ஹார்ஸ்ஷூ பெண்ட் இருக்கு, கொலராடோ ஆறு குதிரை லாடம் மாதிரி வளையற இடம், அங்க பார்க்கிங் காசு கட்டிட்டு நம்ம பாட்டுக்கு நடந்து போய் பாத்துட்டு வரலாம். தண்ணி செதுக்குன பாறைக்கு காவல் போட்டு காசு வாங்கறது எனக்கு சரியா படல.

கரிசல்மகள்:
தண்ணி செதுக்குனதுன்னு நீங்களே சொல்றீங்க, அந்த தண்ணி இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. 1997 ஆகஸ்ட் 12, லோயர் கேன்யன்ல 11 பேர் வெள்ளத்துல செத்தாங்க. அவங்க நின்ன இடத்துல மழைன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல, பல மைல் தள்ளி கொட்டுன மழை அந்த குறுகலுக்குள்ள ஒரேயடியா இறங்கிடுச்சு. சில இடத்துல ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு பக்க சுவரும் தொடுது, அதுக்குள்ள எங்க ஓடுவீங்க? இப்ப இருக்கற இரும்பு படிக்கட்டு, வானிலை ரேடியோ, வானம் கறுத்தா உடனே டூர நிறுத்தறது, எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். ஹார்ஸ்ஷூ பெண்ட்ல மேல நின்னு கீழ பாக்கறீங்க, இங்க நீங்க நிக்கறதே வெள்ளம் ஓடற பாதைல. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

மணல்வாசி:
அந்த 11 பேர்லயே ஒரு குரூப் டூர் லீடரோட போனவங்கதானேங்க? அவர் ஒருத்தர்தான் பிழைச்சார். அப்ப உயிர காப்பாத்தறது எச்சரிக்கை ஏற்பாடுதான், கூட ஆள் வர்றது இல்ல. மழை இல்லாத நாள்ல ரேஞ்சர், அதாவது பார்க் காவலர், வாசல்ல நின்னு எண்ணி உள்ள விட்டா போதும். பாதுகாப்புன்னா கூட்டத்த குறைங்க, விலைய ஏத்திட்டு கூட்டத்தையும் அப்படியே விடறது எந்த பாதுகாப்பு?

கரிசல்மகள்:
அவர் வெளியூர்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வந்தவர், அந்த ஊர் மழைய பாத்து வளர்ந்தவர் இல்ல. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

ஒளிதேடி:
போட்டோ எடுக்கறவன்ங்கற முறையில ஒண்ணு சொல்றேன். முன்னெல்லாம் ட்ரைபாட் வச்சு எடுக்கறவங்களுக்குன்னு தனி டூர் இருந்துச்சு, 2019 கடைசியோட அத நிறுத்திட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்தான், ஆனா அந்த டூர் நடந்தப்ப நாலு பேர் ட்ரைபாட் விரிச்சு நிக்கறதுக்காக மத்த குரூப் எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்தி வைப்பாங்க, குழந்தைய தூக்கிட்டு நிக்கறவங்களையும் சேத்துதான், அது எனக்கே சங்கடமா இருந்துச்சு. இப்ப போனப்ப கைடு என் போன வாங்கி ஒயிட் பேலன்ஸ, அதாவது நிறம் பதியற அமைப்ப, மாத்தி, தரையோட தரையா சாய்ச்சு மேல பாத்து ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க, சுவர் அப்படியே ஆரஞ்சும் ஊதாவுமா வந்துச்சு. நானா நின்னிருந்தா அந்த கோணத்த யோசிச்சே இருக்கமாட்டேன்.

மணல்வாசி:
கைடு திறமைய நான் குறை சொல்லலங்க. எங்க கைடும் நல்லவங்கதான், டிப்ஸும் குடுத்தோம். இஷ்டப்பட்டவங்க வச்சுக்கட்டும்னு விடலாமே, ஏன் கட்டாயம்?

கரிசல்மகள்:
ஏன்னா அது அவங்க இடம், உள்ள எப்படி வரணும்னு அவங்கதான் சொல்லுவாங்க. நவாஹோ நேஷன்ங்கற அவங்க சுயாட்சிப் பகுதிக்கு தனி பிரசிடென்ட், தனி கவுன்சில், தனி போலீஸ் எல்லாம் இருக்கு, விண்டோ ராக்தான் தலைநகர். 1864ல அந்த ஜனங்கள துப்பாக்கி முனையில நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு நியூ மெக்சிகோல கொண்டுபோய் அடைச்சாங்க, வழியிலயும் அங்கயும் எத்தனையோ பேர் செத்தாங்க, 1868 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் திரும்பி வந்தாங்க. அப்படி மீட்டு வந்த நிலத்துல "இயற்கை எல்லாருக்கும் பொது, நான் தனியா நடப்பேன்"னு விருந்தாளியா போன நாம சொல்றது எனக்கு கூசுது.
காசு விஷயத்தையும் பாருங்க. பேஜ் பக்கத்துல இருந்த நிலக்கரி மின்நிலையம் 2019 நவம்பர்ல மூடிட்டாங்க, அங்க வேலை பாத்தவங்கள்ல பெரும்பாலானவங்க நவாஹோ ஆட்கள். அடுத்த வருஷமே கோவிட் வந்து கேன்யன பூட்டி 2021 நடுவுலதான் திறந்தாங்க. இன்னும் குழாய்த் தண்ணி இல்லாத வீடுங்க அங்க நிறைய இருக்கு. கைடு வேலைங்கறது அங்க இருக்கற பிள்ளைங்க ஊர விட்டு போகாம பொழைக்கறதுக்கு உள்ள வழி.

மணல்வாசி:
வரலாற நான் மறுக்கல, அத கேட்டா எனக்கும் மனசு கனக்குது. நான் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல. புனிதமான இடம், அமைதியா நடங்கன்னு வாசல்ல சொல்றாங்க, அடுத்த நிமிஷம் பத்து பத்து பேரா தள்ளி விடறாங்க. அந்த சுவர் மணல்கல், தொட்டா கையில பொடி ஒட்டுது. நாள் பூரா அத்தனை தோள் உரசினா அந்த பாறைக்கு என்ன ஆகும்? நவாஹோக்காரங்க மேல இருக்கற மரியாதையிலதான் இத கேக்கறேன்.

ஒளிதேடி:
இந்த கேள்வி நியாயம். கூட்டம் அதிகம்னு எனக்கும் தோணுது. நவாஹோ பார்க்ஸ் துறைக்கே எழுதிப் பாருங்க, வர்றவங்க சொன்னாதான் அவங்களுக்கும் தெரியும்.
தனியா நடக்கறதுதான் ஆசைன்னா இன்னொரு வழி இருக்கு. பக்கத்துல லேக் பவல்ங்கற ஏரில ஆன்டிலோப் பாயின்ட் படகுத்துறைலேர்ந்து கயாக் (துடுப்பு போடற சின்ன படகு) எடுத்து அதே கேன்யனோட ஏரிப்பக்க வாய்க்குள்ள போகலாம், தண்ணி முடியற இடத்துல இறங்கி நடக்கலாம். அது கிளென் கேன்யன் பொழுதுபோக்குப் பகுதியோட எல்லை, பெடரல் அரசோட நிலம், உங்க பாஸ் அங்க செல்லும், கைடு வேண்டாம். மேலேர்ந்து ஒளிக்கற்றை விழற அப்பர் பகுதி அங்க வராது, ஆனா யாரும் விரட்டமாட்டாங்க. ஏரியில தண்ணி மட்டம் பாத்துட்டு போங்க.

மணல்வாசி:
இது தெரியாதே, ரொம்ப நன்றிங்க. ஆகஸ்ட்ல லீவு கிடைக்கும், அப்ப போகலாமா?

கரிசல்மகள்:
ஆகஸ்ட் வேண்டாம். ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அங்க மான்சூன், அந்த வாய்க்குள்ள நடக்கறதும் வெள்ளப் பாதைதான், அங்க உங்கள வெளிய வான்னு கூப்பிட கைடும் இல்ல. அக்டோபர்ல போங்க. போறப்ப போன் டைம நம்பாதீங்க, அரிசோனால கோடைக்கு மணி மாத்த மாட்டாங்க, நவாஹோ நேஷன்ல மாத்துவாங்க, ஆனா பேஜ் பக்கத்து டூர் எல்லாம் அரிசோனா நேரத்துலதான் ஓடும். டவர் மாறி மாறி பிடிச்சு எங்க கூட வந்த ஒரு குடும்பம் ஸ்லாட்டையே விட்டுட்டாங்க.