மறு: ‘டிராஃபிக் இம்பாக்ட் அசெஸ்மென்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: வாகன நெரிசல் மதிப்பீடு, போக்குவரத்து பாதிப்பு ஆய்வு, போக்குவரத்து விளைவாய்வு, ஊர்தித் தாக்க மதிப்பீடு. மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நெரிசலை முதலில் தள்ளிவிடலாம். ஓரிடத்தில் குடியிருப்போ கடைத்தொகுதியோ மருத்துவமனையோ கட்ட அனுமதி கேட்கிறார்கள். அது வந்தால் சுற்றியுள்ள சாலைகள் தாங்குமா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. நெரிசல் வருமா வராதா என்பது கடைசியில் தெரியவேண்டிய விடை. விடையைப் பெயரிலேயே எழுதிவிட்டால் பிறகு கணக்கு எதற்கு? பாதிப்பு என்ற சொல்லுக்கும் இதே குறைதான். அதைக் கேட்டதுமே கெடுதல் நடந்துவிட்டதாகத் தோன்றும். ‘பாதிப்பு இல்லை’ என்று முடிகிற ஒரு பாதிப்பு ஆய்வைப் படிப்பவர் நம்புவது கடினம்.

தாக்கம் என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று செய்தித்தாள் படிக்கிற எவரும் சொல்கிறார்கள். அதில் முதலில் நிற்கும் சொல் தாக்கத்துக்கு உள்ளாவது எது என்பதைக் காட்டுகிறது. அதே அச்சில் இதையும் வார்த்தால், போக்குவரத்து எதையோ தாக்குகிறது என்று யாரும் பிழையாகக் கொள்ளமாட்டார்கள். ‘விளைவாய்வு’ அழகான சொல்தான், ஆனால் இரண்டு மதிப்பீடுகளும் ஒரே கோப்பில் அருகருகே வரும்போது ஒன்றுக்குத் தாக்கம், இன்னொன்றுக்கு விளைவு என்று வைப்பது வீண் குழப்பம். (எழுதும்போது ‘போக்குவரத்துத் தாக்கம்’ என்று ஒற்றைப் போட்டு எழுதுங்கள். விட்டுவிட்டால் இரண்டு சொல்லும் ஒட்டாமல் நிற்கின்றன.)

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். சாலையில் ஓடும் வண்டிகளைச் சொல்லும் டிராஃபிக், எல்லா வகையிலும் போய்வருவதைச் சொல்லும் டிரான்ஸ்போர்ட் இரண்டுக்கும் நம்மிடம் போக்குவரத்து என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. ஊர்தித் தாக்க மதிப்பீடு என்று முன்மொழிந்த அம்மா இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்ன குறை நியாயமானது. ஆனால் தீர்வை நான் ஏற்கவில்லை. காரணம் ஒரு சிறிய அனுபவம்.

ஒரு சந்திப்பில் வண்டிகளை எண்ணுவதற்கான படிவத்தைத் தமிழில் ஆக்கிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு சாலைக்கும் இடது, நேர், வலது என்று மூன்று கட்டங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள். தலைப்பில் ‘போக்குவரத்து எண்ணிக்கை’ என்று போட்டிருந்தேன். எண்ண வந்த மாணவர்களோடு நானும் போய் நின்றேன். முதல் தாள் முடிவதற்குள் ஒரு பெண் கேட்டாள்: “நடந்து போறவங்களை எந்தக் கட்டத்துல போடறது சார்? அவங்களும் போறாங்க, வராங்கதானே?” படிவத்தில் அவர்களுக்குக் கட்டமே இல்லை. சைக்கிளுக்கு ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அவள் தாளின் ஓரத்தில் ‘நடை’ என்று எழுதிக் கோடு போட ஆரம்பித்தாள். அந்தக் கால்மணி நேரத்தில் ஓரம் நிறைந்துவிட்டது.

அன்று எனக்கு உறைத்தது இதுதான். போக்கு, வரத்து. இந்தச் சொல்லுக்குள் வண்டியே கிடையாது. போவதும் வருவதும் மட்டும்தான் இருக்கிறது. நாம் குறை என்று நினைத்தது அந்தச் சொல்லின் பலம்.

துறையும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 1994இல் வந்த வழிகாட்டி டிராஃபிக் தாக்கத்தைப் பேசியது. 2007இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் டிரான்ஸ்போர்ட் அசெஸ்மென்ட் என்று பேர் மாற்றிக்கொண்டு நடப்பவர், சைக்கிளில் போகிறவர், பேருந்தில் வருகிறவர் எல்லாரையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2013இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி 2020 ஜூலை முதல், ஒரு கட்டுமானத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கத்தைச் சந்திப்பில் வண்டி எத்தனை நொடி காத்திருக்கிறது என்பதை வைத்து அளப்பதில்லை. அந்தத் திட்டத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்பதே அளவுகோல். இந்த நேரத்தில் நாம் புதிதாக ஒரு சொல்லைச் செய்து அதில் ஊர்தியை வலியப் புகுத்துவது, அவர்கள் கழற்றிப்போட்ட சட்டையை நாம் எடுத்து மாட்டிக்கொள்வது போல.

ஆகவே என் பரிந்துரை: முழுமைக்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு. வண்டிகளை மட்டும் பேசும் இடங்களில் ஊர்தியோட்டம். பழைய குறுகிய வகை ஆய்வைத் தனியே குறிக்க வேண்டுமானால் ஊர்தியோட்டத் தாக்க மதிப்பீடு என்று சொல்லிக்கொள்ளலாம். சிறிய திட்டங்களுக்குக் கேட்கப்படும் சுருக்கமான ஆவணத்துக்குப் போக்குவரத்து அறிக்கை போதும்.

தலைப்புச் சொல்லை முடிவு செய்தால் மட்டும் வேலை முடியாது. உள்ளே இருக்கும் சொற்களில்தான் ஆபத்து அதிகம். ‘டிரிப்’ ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பர் ‘நடை’ என்று சொல்லலாம் என்றார். லாரிக்காரர் நாலு நடை அடித்தேன் என்கிறாரே, உயிருள்ள வழக்கு. எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் சொல்லும் ஒரு நடையில் போனதும் திரும்பியதும் அடங்கிவிடும். இந்தத் துறையில் போவது ஒன்று, வருவது இன்னொன்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் 1976 முதல் பதிப்பித்துவரும் டிரிப் ஜெனரேஷன் கையேட்டின்படி ஒரு தனி வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்பதுக்கு மேல் டிரிப். இதை ‘ஒன்பது நடை’ என்று பெயர்த்தால் பதினெட்டுத் தடவை வாசலைக் கடப்பதாக ஆகிவிடும். கணக்கு அப்படியே இரட்டிப்பு. போதாததற்கு, அந்த மாணவி ஓரத்தில் எழுதிய ‘நடை’ வேறு நடை. எனவே பயணம் என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும்போது ‘ஒருவழிப் பயணம்’ என்று வரையறுத்துவிடலாம். வளாகத்துக்குள் வருவதற்கு உள்வரத்து, வெளியேறுவதற்கு வெளிப்போக்கு. இதற்கும் போக்குவரத்தே இரண்டு துண்டாகப் பிரிந்து உதவுகிறது பாருங்கள்.

வீடு பயணத்தை எழுப்புகிறது, கடையும் அலுவலகமும் ஈர்க்கின்றன. எழுபயணம், ஈர்பயணம் என்று வினைத்தொகையாகச் சொல்லலாமா? எனக்குப் பிடித்திருக்கிறது, உங்கள் காதுக்கு எப்படி என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கும் வண்டி பெட்ரோல் போடவோ பால் வாங்கவோ ஒதுங்கிவிட்டு அதே வழியில் தொடர்ந்தால், அதைப் புதிய பயணமாகச் சாலையில் ஏற்றக்கூடாது. வளாக வாசலில் மட்டும் எண்ண வேண்டும். அதற்கு ‘கடந்துசெல் பயணம்’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். கடந்துசெல்வது என்றால் நிற்காமல் போவது. இங்கே நிற்பதுதான் விஷயம். வழிப்போக்கர் திண்ணையில் ஒதுங்கி இளைப்பாறிவிட்டுத் தன் வழியே போவார். வழிப்போக்குப் பயணம் என்றால் விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது ‘டெவலப்மென்ட்’. அனுமதி கேட்டு வரும் திட்டத்தை ஆங்கில அறிக்கைகளில் இப்படித்தான் அழைக்கிறார்கள். வளர்ச்சி என்று போடவே கூடாது. அறிக்கையின் இன்னொரு பக்கத்தில், இந்தத் திட்டம் வராவிட்டாலும் ஆண்டுதோறும் ஊர்தியோட்டம் எவ்வளவு கூடும் என்று பின்னணி வளர்ச்சி ஒன்று வரும். இரண்டு வளர்ச்சியும் மோதும். மேம்பாடு என்றால் சந்திப்பை அகலப்படுத்தும் மேம்பாட்டோடு மோதும். கட்டுகிறவருக்குச் சாதகமாகவும் ஒலிக்கும். கட்டுமானம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பழைய கிடங்கு ஒன்றைச் சுவர்கூட இடிக்காமல் பெருங்கடையாக மாற்றினால்? கட்டுமானம் எதுவும் இல்லை, வண்டிகள் மட்டும் பல மடங்கு. நிலத்தின் பயன் மாறுவதுதான் பொதுவான கூறு. உத்தேச நிலத்திட்டம் என்கிறேன்.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு குடியிருப்போர் கூட்டத்தில் கண்ணால் பார்த்தேன். துண்டறிக்கையில் இன்றைய எண்ணிக்கையும் ஐந்தாண்டு கழித்துத் திட்டம் முடிந்தபின் வரும் எண்ணிக்கையும் அருகருகே இருந்தன. வேறுபாடு முழுவதும் திட்டத்தின் தலையில் விழுந்தது. கூட்டம் கொதித்துப்போனது. ஒப்பிட வேண்டியது இன்றோடு அல்ல, அதே ஐந்தாண்டு கழித்துத் திட்டம் இல்லாமல் இருக்கக்கூடிய நிலையோடு. இந்த நிலைக்கான எண்கள் மூல அறிக்கையின் அட்டவணையில் நடு வரிசையாக இருந்தன. தமிழாக்கத்தில் அந்த வரிசைக்கு ‘வளர்ச்சியற்ற நிலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வளர்ச்சி இல்லை என்ற பெயரின் கீழ் எண்கள் மட்டும் கூடியிருப்பதைப் பார்த்து யாரோ தேவையில்லாதது என்று எடுத்துவிட்டார்கள். இன்றைய நிலை, திட்டமில்லா நிலை, திட்டமுள்ள நிலை என்று மூன்று பெயர்கள் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது. கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தாக்கம்.

‘லெவல் ஆஃப் சர்வீஸ்’ பற்றிச் சுருக்கமாக. வண்டிகள் எவ்வளவு தடையின்றி ஓடுகின்றன என்பதைக் காட்ட அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ஏ முதல் எஃப் வரையிலான தரவரிசை அது. விளக்குச் சந்திப்பில் வண்டிக்குச் சராசரித் தாமதம் 10 நொடிக்குள் இருந்தால் ஏ, 80 நொடியைத் தாண்டினால் எஃப். சேவை நிலை என்று எழுதினால் யார் யாருக்குச் செய்யும் சேவை என்று கேட்பார்கள். ஓட்டத்தரம் போதும். எழுத்துகளை அ, ஆ என்று மாற்ற வேண்டாம்; கணிப்பொறியில் வரும் அட்டவணையோடு ஒத்துப்பார்க்க முடியாமல் போகும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. விளக்குக்குக் காத்திருக்கும் வரிசை நீண்டு, பின்னால் உள்ள சந்திப்பையும் அடைத்துக்கொள்வதை ‘ஸ்பில்பேக்’ என்கிறார்கள். ‘பின்வழிதல்’ என்று எழுதிப் பார்த்தேன். தண்ணீர் முன்னோக்கித்தான் வழியும், இது பின்னோக்கித் தேங்குவது. கால்வாயில் அடைப்பு விழுந்து நீர் ஏறி மேல்மடைவரை நிற்பதற்கு உழவர்கள் வாயில் ஒரு சொல் இருக்கும். ‘எதிர்த்தேக்கம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். பாசன வேலை தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

அன்புடன்.