486 போர்டில் கழற்றிய கேஷ் சிப்: உடனே படித்தால் சரி, அப்புறம் படித்தால் குப்பை. சூட்டில் செத்துவிட்டதா?

பழையபோர்டு:
வணக்கம். இசட்80 என்ற பழைய 8-பிட் பிராசசரை வைத்து சின்னதாக ஒரு கணினி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு 32 கிலோபைட் எஸ்ரேம் (மின்சாரம் இருக்கும்வரை தரவை வைத்திருக்கும் நினைவகச் சிப்) வேண்டும். சும்மா கிடந்த இரண்டு 486 (பழைய பிசி) மதர்போர்டுகளில் கேஷ் சிப்கள், அதாவது பிராசசருக்கு வேகமாகத் தரவு தரும் எஸ்ரேம்கள், இருந்ததால் அவற்றையே எடுத்தேன். முதல் போர்டில் எல்லாம் சாக்கெட்டில் இருந்தன. ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மாற்றி மாற்றி நெம்பியதில் கால் வளையாமல் வந்துவிட்டன. இரண்டாவது போர்டில் எல்லாமே சால்டர் செய்தவை, ஹாட் ஏர் கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது.

அர்டுயினோ மெகா என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் மாட்டிச் சோதித்தேன். முதல் போர்டு சிப்கள் பிரச்சினை இல்லை. இரண்டாவது போர்டு சிப்களில் ஒரு பைட் எழுதி உடனே படித்தால் எழுதியதே வருகிறது. 32,768 பைட்டையும் எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. எல்லாச் சிப்பும் இதே மாதிரிதான். சூடு அதிகமாகிவிட்டதோ?

ஈயப்புகை:
சூடாகத்தான் இருக்கும். பழைய போர்டில் கிரவுண்டுக்காக விரித்திருக்கும் செம்புப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் நாம் அறியாமலே நெடுநேரம் காட்டிவிடுவோம். அடுத்த முறை காலில் புதிய ஈயம் கொஞ்சம் ஏற்றிவிட்டு எடுங்கள், சீக்கிரம் உருகும். சிப் பிழைக்க வேண்டும், போர்டு போனாலும் பரவாயில்லை என்றால் கால்களைச் சுற்றி போர்டையே வெட்டி எடுப்பவர்களும் உண்டு.

அரைக்கடத்தி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூட்டில் சாகும் சிப்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும்: ஒன்றில் ஒரு பிட் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று ஷார்ட் ஆகும். எல்லாமே ஒரே மாதிரி நடந்துகொண்டால் காரணம் வேறு. அந்தச் சிப்களின் தலையில் என்ன அச்சாகியிருக்கிறது?

பழையபோர்டு:
முதல் போர்டில் 61256 என்ற எண், கடைசியில் 15 என்று இருக்கிறது. இரண்டாவதில் கம்பெனிச் சின்னமும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. 'ரைட் பேக்' என்று மட்டும் போட்டிருக்கிறது.

அரைக்கடத்தி:
அதுதான் விஷயம். 'ரைட் பேக்' என்பது கேஷ் வேலை செய்யும் ஒரு முறையின் பெயர், பார்ட் நம்பர் அல்ல. 1990-களின் நடுவில் வந்த மலிவான 486 போர்டுகள் சிலவற்றில் கேஷ் சிப்பே போலி. கறுப்பு பிளாஸ்டிக், உலோகக் கால்கள், உள்ளே சிலிக்கான் கிடையாது. போர்டைத் துவக்கும் மென்பொருளான பயாஸையும் அதற்கேற்ப மாற்றி, பூட் ஆகும்போது 256 கேபி கேஷ் என்று காட்ட வைத்துவிடுவார்கள். உங்கள் ஹாட் ஏர் கொல்வதற்கு அங்கே உயிரே இருந்திருக்காது.

உடனே படித்தால் சரியாக வருவதற்குக் காரணம் சிப் அல்ல, கம்பி. டேட்டா லைனில் யாரும் எதுவும் செலுத்தாதபோது கடைசியாக இருந்த மின்னழுத்தம் சிறிது நேரம் அப்படியே நிற்கும், அதைத்தான் திரும்பப் படிக்கிறீர்கள். ஆகவே ஒரு பைட் எழுதி அதே பைட்டைப் படிப்பது சோதனையே அல்ல. படிக்கும்போது டேட்டா பின்களில் புல்-அப் (யாரும் எதுவும் செலுத்தாத பின்னை 1-க்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். உண்மையான சிப் அதை எளிதாக மீறி தன் மதிப்பைக் காட்டும். காலி டப்பா என்றால் எல்லா இடத்திலும் 255 வரும். எழுதும் மதிப்பும் முகவரிக்கு முகவரி மாறட்டும், அட்ரஸ் கோளாறும் சேர்ந்து தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் மல்டிமீட்டர் போதும். டயோடு மோடில் சிவப்பு முனையை 14-ஆம் பின்னில், அதாவது கிரவுண்டில் வையுங்கள். கறுப்பு முனையால் மற்ற பின்களைத் தொட்டுப் பாருங்கள். நல்ல சிப்பில் உள்ளிருக்கும் பாதுகாப்பு டயோடு 0.6 வோல்ட் சுமாருக்குக் காட்டும். முதல் போர்டு சிப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பழையபோர்டு:
பார்த்துவிட்டேன். முதல் போர்டு சிப்பில் பின்னுக்குப் பின் 0.58, 0.61 என்று வருகிறது. மற்றதில் எந்தப் பின்னைத் தொட்டாலும் திறந்த சுற்றுதான். ஒன்றைக் கட்டரால் உடைத்தும் பார்த்தேன், உள்ளே பிளாஸ்டிக்தான்!

சரி, நல்ல சிப்பை என் இசட்80 போர்டில் காலியாக இருக்கும் 27சி256 ஈப்ராம் (மின்சாரம் போனாலும் நிரலை வைத்திருக்கும் நினைவகச் சிப்) சாக்கெட்டில் அப்படியே செருகலாமா? இரண்டுக்கும் 28 கால்தானே.

அரைக்கடத்தி:
செருகவே முடியாது. ஈப்ராம் சாக்கெட் 0.6 அங்குலம், உங்கள் கேஷ் சிப் 0.3 அங்குலம். அடாப்டர் செய்தாலும் இரண்டு கால்களைக் கவனியுங்கள். ஈப்ராமில் 1-ஆம் பின் விபிபி (எழுதுவதற்கான மின்னழுத்தம்), 27-ஆம் பின் ஏ14 (மிக உயர்ந்த முகவரி லைன்). எஸ்ரேமில் 1-ஆம் பின் ஏ14, 27-ஆம் பின் ரைட் எனேபிள் (தாழ்ந்தால் எழுது என்று சொல்லும் லைன்). மாற்றாமல் விட்டால் மேல் பாதி முகவரியைத் தொடாத நேரமெல்லாம் ரைட் எனேபிள் தாழ்ந்தே நிற்கும். அந்த நிலையில் சிப்பைத் தேர்ந்தெடுத்தால், படிக்கப் போன இடத்திலும் எழுத்துதான் நடக்கும்.

ஈயப்புகை:
இன்னொன்று. சிப் எண்ணின் கடைசியில் 15 என்றால், படிக்க ஆகும் நேரம் 15 நானோ வினாடி. சாதாரண 70 நானோ வினாடி 62256 எஸ்ரேம் கண்டுகொள்ளாமல் விடும் மிகக் குறுகிய கிளிட்ச்சையும் (தேவையில்லாத மின் துடிப்பையும்) இது ரைட் சிக்னலாக எடுத்துக்கொள்ளலாம். 28-க்கும் 14-க்கும் இடையே, சிப்பை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். பேட்டரி வைத்துத் தரவைக் காக்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சிப் வேண்டாம். வேகத்துக்காகச் செய்த சிப், கரண்டை நிறைய இழுக்கும். அதற்குக் குறைந்த மின்சக்தி வகை 62256 வாங்கிவிடுங்கள்.

பழையபோர்டு:
பேட்டரி எல்லாம் இல்லை. இரண்டு கால்களையும் மாற்றி அடாப்டர் செய்து, கெப்பாசிட்டரும் போட்டாயிற்று. புல்-அப் சோதனையில் முழு 32 கிலோபைட்டும் பிழையில்லாமல் வந்தது, இசட்80 போர்டிலும் ஓடுகிறது. நன்றி.