வீட்டை விற்கும் முன்: சுவர் ஈரமும் நிலைக்காலின் உயரக் கோடுகளும்

வணக்கம். வீட்டை விற்கத் தயாராகிறோம், இரண்டு விஷயத்தில் யோசனை சொல்லுங்கள்.

குளியலறையை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து 2 அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. குழாய்க் கசிவை அடைத்தாயிற்று. ஈரம் காயாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் உப்பு மறுபடி தள்ளிக்கொண்டு வந்து உரியும். வாங்குபவரிடம் மறைப்பதும் நியாயமில்லை. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால்தான் தேய்த்தெடுக்கிறோம், கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். ஈரக்கோட்டுக்கு மேலே 1 அடி சேர்த்துச் செங்கல் தெரியக் கொத்திப் பூசினால் போதுமா? கொத்தியபின் எவ்வளவு நாள் காயவிட வேண்டும்?

இன்னொன்று, நிலைக்காலில் பிள்ளையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். டிரேசிங் தாளைத் தரைமட்டத்திலிருந்து ஒட்டி, தேதியோடு அப்படியே படியெடுக்கப் போகிறோம். வார்னிஷ் உரியாமல் எடுக்கவரும் டேப் எது?