விசுவல் ரெட்டரிக்: ‘காட்சிப் பிணிப்பு’ எனலாமா?

அன்புள்ள ஐயா,

சொல்லால் கேட்பவரை இணங்கவைக்கும் கலை ரெட்டரிக் (rhetoric). அதையே படம், நிறம், வடிவமைப்பு வழியாகச் செய்வது விசுவல் ரெட்டரிக் (visual rhetoric). இதற்குத் தமிழ்ச் சொல் தேடி நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து, கீழே என் மறுமொழியைச் சொல்கிறேன்.

> ‘காட்சி அணி’ என்றே வைத்துக்கொள்ளலாம். உவமையும் உருவகமும் படத்திலும் உண்டே.

உண்டுதான். ஆனால் அணி என்றதும் அழகூட்டல் என்ற பொருளே முந்திக்கொள்ளும். அழகை அறவே துடைத்துவிட்டும் ஒரு வடிவமைப்பு நம்மை இணங்கவைக்கும். ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் சிகரெட் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்: களையற்ற கரும்பழுப்பு. நிறுவனச் சின்னம் கூடாது. பெயர்கூட ஒரே எழுத்துருவில்தான். நம் நாட்டில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காடு இடம் எச்சரிக்கைக்கே. அதில் 60 படத்துக்கு, 25 எழுத்துக்கு. பார்த்ததும் முகம் சுளிக்கவைக்கும் அந்தப் புற்றுநோய்ப் படத்தை எந்த அணியில் சேர்ப்பது?

என் பரிந்துரை ‘காட்சிப் பிணிப்பு’. சொல்வன்மையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் ‘கேட்டார்ப் பிணிக்கும்’ (643) என்கிறார். ரெட்டரிக் செய்யும் வேலை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. செவிக்குச் சொன்னதைக் கண்ணுக்கும் நீட்டுவோம்.

> பிணி என்றால் நோய்தானே நினைவுக்கு வரும்?

தனித்து நின்றால் வரும். ‘காட்சி’யோடு சேர்ந்து ‘பிணிப்பு’ என வரும்போது கட்டுதல் என்ற பொருள் தெளிவாகவே இருக்கிறது.

> எச்சரிக்கைப் படம் ஆளை விலக்குகிறதே, எங்கே பிணிக்கிறது?

பெட்டியைவிட்டு விலக்குகிறது, புகை கொல்லும் என்ற எண்ணத்தோடு பிணித்துவிடுகிறது.

கண்ணில் படும் குறியெல்லாம் பிணிப்பு ஆகாது என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சை வட்டம் சைவம் என்ற தகவலை மட்டும் தருகிறது. அதே உறையின் முகப்பைப் பாருங்கள்: கோதுமைக் கதிர்கள் சாய்ந்திருக்கும், பால் வழிந்து தெறிக்கும். திருப்பினால் பல பொட்டலங்களில் சேர்மானப் பட்டியல் மைதாவில் தொடங்கும். சர்க்கரை, பாமாயில் எல்லாம் கடந்து எங்கோ ஓரத்தில் பால்பொடி. ‘பால் நிறைந்தது’ என்று எழுதியிருந்தால் பட்டியலோடு ஒப்பிட்டு மறுத்திருப்போம். படத்தை மறுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. குழந்தைக்கு நல்லது என்று நம்பி வாங்கும் பெற்றோரை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. இதைச் சுட்ட ஒரு சொல் பள்ளிப் பாடத்துக்கே வர வேண்டும்.

வினையாக ‘பிணித்தல்’, துறைக்குக் ‘காட்சிப் பிணிப்பியல்’ என்று விரித்துக்கொள்ளலாம். ‘காட்சிவழி இணங்கவைத்தல்’ என்பதை அகராதியில் விளக்கமாகத் தரலாம். தலைச்சொல்லாக நிற்க அது நீளம்.